வாசித்துக் காட்டப்பட்டது

மக்ளே,

சாப்பாட்டு மேசையில் நீ வைத்துவிட்டுப் போன ஒற்றைத் தாளை மூன்று தடவை வாசித்துவிட்டேன். நீ மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாங்கச் சாலைக்கடைத் தெருவுக்குப் போயிருக்கிறாய். வியாழக்கிழமை காலையில் உன் கூட்டாளிகளோடு வண்டி ஏறி, மண் சரிந்து கிடக்கும் அந்த மலைக்குப் போகிறாய். போன மாதம்தான் எர்ணாகுளத்தில் கறுப்புக் கோட்டு மாட்டி வக்கீலாகப் பதிவு செய்துகொண்டாய். அதற்குள் முகாமில் இருக்கிறவர்களுக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாய். காலையில் அந்தத் தாளை என் முன்னால் நீட்டி, "அம்மா, இத ஒன்னு பாரு. பேரும் அட்ரஸும் ஃபில் பண்ணினா போதும். ஒருத்தருக்கு ரெண்டு மினிட்டு. அடிபொளி, இல்லே?" என்றாய். "நல்லா இருக்கு மக்ளே" என்று சொல்லிவிட்டு நான் தோசையைத் திருப்பப் போனேன். அது பொய். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே, "மேற்கண்டவை யாவும் இவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்" என்று மலையாளத்தில் அச்சாகியிருந்தது. அதற்கும் கீழே வக்கீல் கையெழுத்துப் போட ஒரு கோடு. ஒருவருக்கும் ஒரு வரியும் வாசிக்கும் முன்பே, வாசித்தாயிற்று என்று அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், உன் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். எழுதினால் முடியும் வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். உன் கூட்டாளிகளும் வாசிக்கட்டும். உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பயந்தவள் என்பது உனக்குத் தெரியும். ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தியில் ஓடினாலே ஹாஸ்டலுக்கு நாலு தடவை போன் அடித்து, "அம்மே, இவிடே வெயிலாணு" என்று உன்னிடம் திட்டு வாங்கியவள். மறுபடியும் மண் சரியுமோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்தக் கோட்டின் மேல் நீ போடப் போகும் கையெழுத்தைப் பற்றியது. அதே மாதிரி ஒரு கோட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உன்னைப் பெற்றபோது நான் லா காலேஜில் நாலாம் வருஷம். பரீட்சை ஹாலில் மார்பு கட்டி வலிக்க வலிக்கச் சொத்துரிமைச் சட்டம் எழுதியவள் நான். உனக்கு ஆறு வயதாகும்போது வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். அந்த வருஷம் நம்முடைய ஜில்லாவின் கிழக்கு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. தோட்டத்தின் பேர் இங்கே வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தமிழர்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் மலையேறியவர்கள். மலையாளம் பேசுவார்கள், ஆனால் வாசிக்கத் தெரியாது, பத்திரத்து மலையாளமும் புரியாது. கோர்ட்டிலிருந்து வக்கீல்கள் கூட்டமாகப் போகத் தீர்மானமானபோது, என் சீனியர் என்னைக் கூப்பிட்டார். வலியசாலை அக்ரஹாரத்து மனிதர், கோர்ட்டில் மலையாளமும் ஆபீசில் தமிழும் பேசுவார். "நீ போய்ட்டு வா. போறவாள்ல தமிழ் தெரிஞ்சவ நீதான். அவாளுக்கு வாசிச்சுக் காட்ட ஆள் வேணும், கேட்டயோ?" என்றார். எனக்கு இருந்த ஒரே தகுதி அது. எனக்குத் தரப்பட்ட ஒரே வேலையும் அதுதான்.

முகாம், மலையடிவாரத்து அரசுப் பள்ளிக்கூடம். நாங்கள் போய் இறங்கியதும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வாசலில் பேனர் கட்டினோம். இலவசச் சட்ட உதவி என்று எழுதிய பேனர். அது காற்றில் மடங்காமல் நிற்க இரண்டு பேர் கால் மணி நேரம் பாடுபட்டார்கள். உள்ளே மூன்றாம் வகுப்பில், கரும்பலகையில் அழிக்காமல் கிடந்த வாய்ப்பாட்டுக்குக் கீழே, செத்தவர்களின் சொந்தக்காரர்கள் பெஞ்சுகளை ஒட்டிப்போட்டுப் படுத்திருந்தார்கள். அவர்களில் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு கிழவர் என்னிடம் வந்து, "வக்கீலுங்க எதுக்கும்மா வந்திருக்கீக? மலை மேல கேசு போடவா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு யோசித்தால் அதைவிட நியாயமான கேள்வியை யாரும் கேட்கவில்லை.

எங்களால் ஒரு உபகாரமும் இல்லை என்று சொல்லமாட்டேன். அது வேறு விதமான பொய். ரேஷன் அட்டை மண்ணுக்குள் போனவர்களுக்கு ஒரு வாரத்தில் நகல் வாங்கிக் கொடுத்தோம். பத்தாம் வகுப்பு எழுத வேண்டிய பெண்ணுக்குச் சான்றிதழ் வந்தது. உடல் கிடைக்காத ஒருவரின் மனைவி, இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பயந்து கிடந்தாள். அவளுக்காக எங்களில் ஒருவர் கலெக்டர் ஆபீஸ் படியேறிப் படியேறி மரணச் சான்று வாங்கினார். அனாதையான இரண்டு பிள்ளைகளை முன்பின் தெரியாத ஒரு 'மாமா' கூட்டிக்கொண்டு போக வந்தபோது, வாசலில் நின்று தடுத்ததும் ஒரு வக்கீல்தான். படிப்பு அங்கே பயன்படும், மக்ளே. அதனால்தான் கசக்கிறது.

தாள் இல்லாமல் ஒன்றும் நடக்காது, எல்லாருக்கும் ஒரே மாதிரி தாள் இருந்தால் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்தோம். மலையாளத்தில், ஐந்து பத்தி. குடியிருப்பு உண்மைதான் என்று தோட்டத்து மேனேஜர் முத்திரை குத்தினால்தான் வில்லேஜ் ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, ஒரு பத்தி சேர்த்தால் முத்திரை, இல்லாவிட்டால் இல்லை என்றார். "நான் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில், தோட்டத்தின் அனுமதியின் பேரில் குடியிருந்தேன். அந்த இடத்தில் எனக்கு வேறு உரிமை கிடையாது." அதுதான் நாலாவது பத்தி. லயம் என்றால் தொழிலாளிகளுக்குத் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். எல்லாரும் லயத்துக்காரர்கள்தானே, உள்ளதைத்தானே சொல்கிறது, அரிசி முதலில் வரட்டும் என்று எங்கள் கூட்டத்தில் மூத்தவர்கள் சம்மதித்தார்கள். நானும் தலையாட்டினேன். யாராவது லயத்துக்கு வெளியே இருந்தார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து தமிழில் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

முதல் நாள் நான் ஒவ்வொருவருக்கும் ஆறு பத்தியும் வாசித்தேன். அதையும் நீ தெரிந்துகொள். இரண்டாம் நாள் மத்தியானம் பள்ளி ஆபீஸ் போனுக்கு ஒரு அழைப்பு. நம் பக்கத்து வீட்டு சாரதா சேச்சி. "மோளே, கொச்சினு பனி கூடி. பிச்சும்பேயும் பறயுன்னு. நீ வேகம் வா" என்றாள். உனக்குக் காய்ச்சலில் பிதற்றல். உன் அப்பா அப்போது கோயம்புத்தூரில். எங்கள் ஜீப் நாலு மணிக்குக் கிளம்பும், அதை விட்டால் மறுநாள்தான். வரிசையில் இன்னும் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அதற்குப் பிறகு நான் யாருக்கும் வாசிக்கவில்லை. பேர் கேட்டேன், எழுதினேன், "இங்க போடுங்க" என்றேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். பேர் தங்கபுஷ்பம். புருஷனை முந்தின நாள்தான் தோண்டி எடுத்திருந்தார்கள். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க வீடு லயத்துல இல்லம்மா, ஓடைக்கு அங்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். "எல்லாம் எழுதியாச்சு அக்கா, முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றேன். அவள் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் தன் பேரை எழுதினாள். எனக்கு அந்தப் 'ஷ்'ஷில் உயிர் போனது. அந்தத் தாளைத் தமிழில் அடித்திருந்தால் அவளே வாசித்திருப்பாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் கையெழுத்துக்குக் கீழே, வாசித்துக் காட்டினேன் என்று நான் போட்டேன். நாலு மணிக்கு ஜீப்பில் இருந்தேன். நான் வீடு வந்து சேர்ந்தபோது உனக்கு வியர்த்து, காய்ச்சல் இறங்கி, சாரதா சேச்சி மடியில் உட்கார்ந்து ரஸ்க் தின்றுகொண்டிருந்தாய்.

உன் மேல் பழி போடுவதாக நினைக்காதே. அப்படி நினைத்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் இதைச் சொல்லாமலே இருந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை இல்லை. இனி வருவதுதான் சொல்லாததற்குக் காரணம்.

ஒரு வருஷம் போல் கழித்து தங்கபுஷ்பம் வஞ்சியூருக்கு என்னைத் தேடி வந்தாள். சொந்த வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்கிறது, அந்தப் பட்டியலில் அவள் பேர் இல்லை. லயத்துக்காரர்களைத் தோட்டம்தான் பார்க்க வேண்டுமாம். தோட்டத்தையோ அதற்குள் பூட்டிவிட்டார்கள். அவளும் புருஷனும் ஓடைக்கு அக்கரையில் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். நிலத்துக்குப் பட்டயம் வாங்கி, வில்லேஜ் ஆபீஸில் வரியும் கட்டி வந்தார்கள். பட்டயமும் ரசீதும் வீட்டோடு போயிற்று. ஆபீஸ் பதிவேட்டில் சர்வே நம்பர் இருந்தது, ஆனால் தோட்டத்து நிலத்திலிருந்து அவர்கள் இடத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கவில்லை. அவள் கையில் கொண்டுவந்த கடிதத்தில் காரணம் ஒரே வரி. லயத்தில் குடியிருந்ததாகவும் வேறு உரிமை இல்லை என்றும் மனுதாரரே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார். "நான் எப்பம்மா அப்படி எழுதிக் கொடுத்தேன்?" என்று அவள் கேட்டாள். அவளை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சீனியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஆட்சேப மனு போடலாம். நான் எழுதித் தரேன். ஆனா நீ வாயத் தொறக்கப்படாது. வாசிக்காம வாசிச்சேன்னு எழுதினேன்னு சொன்னா உன் சன்னது போயிடும், அப்பறம் வக்கீலா கோர்ட்டுல நிக்க முடியாது. நோக்கு ஒரு கொழந்தை இருக்கு. ஒரு வீடு போனதுக்கு ரெண்டு குடும்பம் தெருவுல நிக்கணுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் பிரியம்தான். நம் தொழிலில் பாதித் தப்பு இந்த மாதிரிப் பிரியத்தில்தான் நடக்கிறது.

விசாரணை அன்று தாசில்தார் முன்னால் அவளோடு நானும் போய் நின்றேன். அவர் அந்தப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "மேடத்தின்ற ஒப்பல்லே இது?" என்றார். என் கையெழுத்துதான் என்றேன். "வாயிச்சுக் கேள்ப்பிச்சதாணோ?" என்று அடுத்தாற்போல் கேட்டார். வாசித்துக் காட்டியதுதானா என்ற அந்த ஒரே கேள்வியில் அவளுடைய வீடு இருந்தது. அவர் முகத்தில் சந்தேகம்கூட இல்லை, ஒரு சடங்குக்குக் கேட்டார். "அதே சார்" என்று மலையாளத்தில் ஆமாம் சொன்னேன். வாசிக்கத் தெரியாதே தவிர, தங்கபுஷ்பத்துக்குக் கேட்டால் மலையாளம் நன்றாகப் புரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து, தாலூக் ஆபீஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "நீங்க வாசிச்சிருப்பீங்கம்மா. புருஷன மண்ணுக்குள்ள இருந்து எடுத்த மறுநாளு, எனக்குத்தான் காது கேக்காம போயிருக்கும்."

அதற்குப் பிறகு நான் நல்ல வக்கீல் என்று பேர் வாங்கினேன். நோட்டரி ஆனேன். கரமனையில் இந்த வீட்டுக்கு மாடி எடுத்தோம். நம் வீட்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகல் எடுத்து, பாங்க் லாக்கரில் ஒன்றும் உன் சித்தி வீட்டில் ஒன்றுமாக நான் வைத்திருப்பதைப் பார்த்து நீ கேலி செய்வாய். பேரிடர் வந்தால் சட்ட உதவி செய்வது எப்படி என்று இரண்டு கருத்தரங்கில் பேசியும் இருக்கிறேன். சால்வை போர்த்தினார்கள். ஒரு தடவை உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "கழிஞ்சது கழிஞ்சு போச்சு, இனி அத என்னத்துக்குக் கிண்டுக?" என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

நீ போ. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனதும் தாளை வெளியே எடுக்காதே. முதல் நாள் உட்கார்ந்து கேள். எங்கே இருந்தீர்கள், யாருடைய வீடு, யார் கட்டியது, வரி யார் பேரில், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி வை. வெள்ளத்திலும் மண்ணிலும் காகிதம் போய்விடும். யார் எங்கே இருந்தார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருக்கும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். அந்த ஞாபகத்தைத் தேதி போட்டுச் சாட்சியமாக்கி வைக்க வக்கீலால் முடியும், வேறு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். யாராவது ஒரு பத்தி சேர்த்தால்தான் முத்திரை என்று சொன்னால், அந்தப் பத்தி யாருக்கு வேண்டியிருக்கிறது என்று யோசி. அந்த வாரத்தில் அவர்கள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்கள், மக்ளே. பாதி நாள் உன் வேலை, அவர்களைக் கையெழுத்துப் போடாமல் தடுப்பதாகத்தான் இருக்க வேண்டும். அந்த அச்சடித்த வரியை அடித்துவிடு. வாசித்த பிறகு, உன் கையால், ஒவ்வொரு தாளிலும் எழுது. கை வலிக்கட்டும். 'இருபது பேருக்கு முடிந்தது, எண்பது பேருக்கு முடியவில்லை' என்று உன்னைத் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டு வா.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போனேனே, கல்யாணம் ஒன்றும் இல்லை. மலைக்குப் போனேன். பூட்டிக் கிடக்கும் தேயிலை பாக்டரியில் தகரம் வைத்துத் தடுத்து, தற்காலிகம் என்று சொல்லி அன்றைக்கு ஏழெட்டுக் குடும்பங்களை வைத்தார்கள். தங்கபுஷ்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அறுபதை நெருங்குகிறாள். அவள் மனு ஹைகோர்ட் வரைக்கும் போய், மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பி வந்து, அடுத்த மாதம் கடைசி விசாரணைக்கு நிற்கிறது என்று கோர்ட்டில் ஒருவர் சொல்லக் கேட்டேன். என் வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன், இந்தத் தடவை தமிழில். தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வாசிங்க" என்றாள்.

"தமிழ்லதான் எழுதியிருக்கேன் அக்கா, நீங்களே..."

"எனக்கு வாசிக்கத் தெரியும். நீங்க வாசிக்கிறத நான் கேக்கணும்."

வாசித்தேன். அடுத்த தடுப்பிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். தகரத்தில் மழை விழுந்ததால் அவர்களில் ஒருத்தி, "கொஞ்சம் உரக்க" என்றாள். சத்தமாக வாசித்தேன். 'நான் இவருக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை, வாசித்ததாக அதிகாரி முன் நான் சொன்னது பொய்' என்ற இடம் வந்ததும் தங்கபுஷ்பம் கையைத் தூக்கினாள். "அந்த வரிய இன்னொரு மட்டம்." இன்னொரு தடவை வாசித்தேன்.

"இதுனால வீடு கெடைக்குமா?"

"தெரியல அக்கா."

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"சன்னது போகலாம். அப்புறம் வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

"இருக்க வீடு இருக்குல்ல" என்றாள். குத்திச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. ஒரு மரப்பெட்டியில் உட்காரச் சொல்லி, பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்று தெரியாது. கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, இன்னும் பதினைந்து வருஷம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை அந்த வாக்குமூலத்தைத் தாக்கல் செய்கிறேன். உன் அப்பாவுக்கும் இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன். நீ முகாமில் இருக்கும்போதே உனக்குப் போன் வரும். உன் அம்மையைப் பற்றி இப்படிக் கேள்விப்பட்டோமே என்று கேட்பார்கள். பார் கவுன்சிலிலிருந்து நோட்டீசும் வரலாம். உன் கூட்டாளிகள் பாசக்காரப் பிள்ளைகள், எனக்காக வாதாட முந்திக்கொண்டு வருவார்கள். உனக்கும் அப்படித்தான் தோன்றும். அப்போது ஆறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினால் பாதி தப்பிக்கலாம் என்று யாராவது யோசனையும் சொல்வார்கள். அதை எழுதாதே. எனக்காக நீ ஆஜராகாதே. தங்கபுஷ்பத்தின் பழைய வக்கீல் இப்போது போன் எடுப்பதில்லையாம். நான் சாட்சி, நான் நிற்க முடியாது. அடுத்த மாத விசாரணைக்கு அவளுக்கு வக்கீல் இல்லை.

அம்மா